நாற்பத்து மூன்று ஆஸியா உம்மாக்கள்

வேகப்பித்தர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லிஃப்ட் பொத்தானை ஒன்பது தடவை அமுக்குபவர், கண்டி பஸ் பேராதனையைத் தாண்டுமுன்பே எழுந்து கதவை நோக்கி நகர்பவர், எதிரில் இருப்பவர் தும்முவதற்குள் "நூறு வயசு" சொல்லி முடிப்பவர், எல்லாரும் இந்த இனம்தான். சாதுவான இனம். ஆனால் இவர்களில் ஒருவரிடம் ஓர் இணையத்தளத்தை ஒப்படைத்தால்?

வத்தேகம இளங்கோவிடம் ஒப்படைத்தார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் கண் வைத்தியம் பார்க்கும் டொக்டர் கஜாலினி, நோயாளிகள் வீட்டிலிருந்தே நம்பர் எடுக்கட்டும் என்று அவரைக் கொண்டு ஒரு தளம் செய்வித்தார். பக்கம் திறக்க மூன்று செக்கன் ஆனது. யாரும் முறையிடவில்லை. இளங்கோவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. மூன்று செக்கனா!

தளம் கட்ட அவர் பயன்படுத்திய ஃபிரேம்வேர்க் மென்பொருளில் 'பேஜ் கேஷ்' என்றொரு வசதி உண்டு. ஒருமுறை தயாரித்த பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவர்களுக்கும் அதையே நீட்டும். ஆளுக்கு ஆள் மாறும் பக்கங்களை இதிலிருந்து விலக்கிவிடுங்கள் என்று கையேட்டில் எழுதியிருந்தது. இரண்டாவது பந்தியில். வேகப்பித்தர் அவ்வளவு தூரம் போவாரா? 'எல்லாப் பக்கங்களும், இருபத்துநான்கு மணித்தியாலம்' என்று ஒரே வரியில் செட்டிங் போட்டார், சேமித்தார், ஸ்டொப்வாட்சைப் பார்த்தார். கால் செக்கன்!

"பறக்குது டொக்டர், பறக்குது!" என்று போனில் கத்தினார்.

"எது பறக்குது?"

"பக்கம்!"

"பறக்கட்டும். நம்பர் சரியா விழுதோ?"

"அதெல்லாம் கால் செக்கன்ல விழும்."

அதற்குப் பிறகு முதலாவதாக நம்பர் எடுத்தவர் கெலிஓயா ஆஸியா உம்மா. 'ஆஸியா உம்மா, நம்பர் 1, காலை எட்டு மணி' என்று பக்கம் வந்தது. கேஷ் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பதிந்த நாற்பத்திரண்டு பேருக்கும் அதையே கொடுத்தது. அவர்களில் ஒருவராவது கேட்டாரா? பெயர் பிழைதான்; ஆனால் முதலாம் நம்பர் கிடைத்த பிறகு எவர் முறையிடுவார்?

டொக்டருக்கும் அதே கதி. ஆஸியா உம்மா மட்டும் பதிந்திருந்த நேரத்தில் அவர் பட்டியலைத் திறந்து பார்த்திருந்தார். மறுநாள் காலையிலும் அதே ஒற்றைப் பெயர்தான் வந்தது. நிம்மதியாகத் தேநீர் குடித்துவிட்டு, கதவைத் திறந்து, "ஆஸியா உம்மா!" என்று கூப்பிட்டார்.

நாற்பத்து மூன்று பேர் எழுந்தார்கள்.

முன்னால் நின்றவர், தெல்தோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த வீரய்யா. தேயிலை ஃபெக்டரி மெஷின்காரர், கம்பீரமான மீசை. "நான்தாங்க ஆஸியா உம்மா," என்று போனை நீட்டினார்.

"அல்லாஹ்வே! அப்ப நான் யாரு?" என்றார் அசல் ஆஸியா உம்மா.

"அது தெரியலீங்க. எனக்கு நம்பர் ஒண்ணுன்னு போட்டிருக்கு."

இளங்கோ திரீவீலரில் பறந்து வந்தார். "பயப்படாதீங்க! கேஷை முழுசாத் துடைச்சிட்டா சரியாப் போயிரும்," என்றார். 'கேஷ்' என்ற சொல் காதில் விழுந்ததும் முன்வரிசை முழுவதும் கைப்பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

கேஷை நிறுத்தியதும், மூன்று செக்கன் எடுத்துக்கொண்டு, உள்ளே ஒழுங்காகவே பதிவாகியிருந்த உண்மையான பட்டியல் வந்தது. இளங்கோ வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரையும் சொந்த நம்பரையும் திருப்பிக் கொடுத்தார். ஒருவருக்கும் மகிழ்ச்சி இல்லை. வீரய்யாவுக்கு முப்பத்தெட்டு. அவர் கதிரையில் சரிந்துவிட்டார்.

"ரெண்டு கண்ணுலயும் புரைங்க. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள டொக்டர் கடுதாசி கொண்டுபோய் ஆஸ்பத்திரில குடுக்கலேன்னா ஒபரேஷன் திகதி போயிரும். அப்புறம் எப்பவோ."

ஆஸியா உம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்ட நம்பர்ல நீங்க போங்க. நேத்தில இருந்து உங்களுக்கும் அதானே பேரு. நான் முப்பத்தெட்டுல வாறேன்."

உள்ளே, பேனாவைத் திறந்த டொக்டர், "உங்கட பேர்?" என்று கேட்டார்.

"ஆஸியா..." என்று தொடங்கி, வீரய்யா மீசையைத் தடவிக்கொண்டார்.

கடிதம் பதினொரு மணிக்கே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது. ஒபரேஷன் திகதி கைநழுவவில்லை. கடைசி நோயாளி போன பிறகு இளங்கோ மெல்ல உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இருந்தாலும் டொக்டர், வேகத்தைக் கவனிச்சீங்களா?"

"ஓம் தம்பி. பிழைகூட எவ்வளவு கெதியா வந்தது!"

இளங்கோ அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர் பக்கமே போகாத நீங்கள் இதைப் படித்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வீட்டில் ஒருவர் வாயைத் திறந்ததுமே, என்ன சொல்ல வந்தார் என்று கேளாமல், "ம்ம், பார்ப்போம்" என்று போன தீபாவளிக்குச் சொன்ன பதிலையே எடுத்து நீட்டுகிறீர்களே? அவர் நேற்றுக் கேட்டது வேறு கேள்வி. போய் விசாரியுங்கள்.