களப்புத் தண்ணீர் குடித்த கார்

கடலில் ஓடும் என்ஜினை நாலு தரம் கழற்றிப் பூட்டியவனுக்கு, தரையில் ஓடுவதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று ஒரு நினைப்பு இருக்கும். எனக்கு அந்த நினைப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. கற்பிட்டிக் கரையில் சொந்த வள்ளமும், அதன் பின்னால் பூட்ட ஒரு புது என்ஜினும் வைத்திருந்த இளந்தாரி நான். (கலியாணச் சந்தையில் எனக்கு அப்போது நல்ல மவுசு.)

நாட்டில் சண்டை முடிந்து, கடலுக்குப் போகத் தடையில்லாத காலம். சிலாபத்து ரெஜினாவை எனக்குப் பேசி முடித்தார்கள். சீதனம், மாமாவின் பழைய கார். மாதா கோயிலில் எங்கள் கலியாண ஓலை வாசிக்கத் தொடங்கியதும், மாமாவையும் மாமியையும் அந்தக் காரிலேயே ஏற்றிக்கொண்டு கற்பிட்டிப் பக்கத்துச் சொந்தக்காரருக்குக் கலியாணம் சொல்லப் புறப்பட்டேன். ரேடியேட்டருக்கென்று மாமா எப்போதும் கொண்டுபோகும் தண்ணீர்க் கேனை, பலகார வாளிக்கு இடம் வேண்டும் என்று இறக்கி வைத்தவனும் நான்தான்.

பாலாவி தாண்டி, கடல் தண்ணீர் உள்ளே வந்து தேங்கி நிற்கும் களப்போரமாகப் போகையில், சூடு காட்டும் முள் சிவப்பில் ஏறி நின்றது. முன்பக்கம் ஆவி சீறியது. நிழலில் நிறுத்தி ஆறவிட்டு, பக்கத்து வீட்டில் நல்ல தண்ணீர் கேட்போம் என்றார் மாமா. நியாயமான பேச்சுத்தான். ஆனால் மருமகனாகப் போகிறவன் மாமாவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

"என்ட வள்ளத்து என்ஜின் விடிய விடியக் கடல் தண்ணி குடிச்சுத்தான் ஓடுது மாமா. அதுக்கு ஒண்டும் ஆகல்ல," என்றேன்.

வாளியில் இருந்த பணியாரத்தையெல்லாம் மாமியின் மடியில் கொட்டிவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு களப்பில் இறங்கினேன். கொதிக்கிற என்ஜினுக்கு ஒரு வாளி உப்புத் தண்ணீர். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். சூடு இறங்கினால் அப்படித்தான் கேட்கும் என்று மாமாவுக்கு விளக்கம் வேறு கொடுத்தேன். மாமி சிலுவை போட்டுக்கொண்டார்.

கொஞ்சத் தூரம்தான். கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. பிறகு அசையவேயில்லை.

கொழும்புக்குப் போன மீன் லொறி ஒன்று கயிறு கட்டி இழுத்தது. மாமி பணியாரத்தோடு லொறியின் முன் இருக்கையில். மாமாவும் நானும் பின்னால் செத்த காரில். லொறியில் இருந்து வடிந்த மீன் தண்ணீர் வழியெல்லாம் எங்கள் கண்ணாடியில் தெறித்தது. மாமா என் பக்கம் திரும்பாமல் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிறு எங்கள் ஓலையை வாசிக்க விடமாட்டார், ரெஜினா கைவிட்டுப் போனாள் என்றே நினைத்தேன். உண்மையாகவே பயந்து போனேன்.

மதுரங்குளியில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நானா திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"ஆள் மௌத்து தம்பி. இனி அடக்கம்தான்," என்றார்.

என்ஜின் உடலே வெடித்திருந்தது, பிஸ்டன்கள் இறுகியிருந்தன. ஒட்டுப்போட்டு, கடைந்து, புதுப் பிஸ்டன் இறக்கலாம். ஆனால் எத்தனை நாளைக்கு ஓடும் என்று தான் சொல்லமாட்டேன் என்றார். இல்லையென்றால் ஜப்பானில் கழற்றி வந்த என்ஜின் ஒன்றை மாற்ற வேண்டும். அதற்கு அவர் ஒரு விலை சொன்னார். என் வள்ளத்து என்ஜினை விற்றால் கிடைக்கக்கூடிய விலை, கிட்டத்தட்ட அதே.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா காரைப் பார்த்தார்.

"கார் தாரன் எண்டு சொன்னன், தந்துட்டன். அதை ஓட வைக்கிறது மருமகன்ட பாடு."

அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டு வந்தார். மருமகன் என்று கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நானாவோடு பேரம் பேசவும் மறந்துபோனேன்.

வள்ளத்து என்ஜின் விலைப்பட்டது, ஜப்பான் என்ஜின் காரில் ஏறியது. மணவறைக்குக் கார் ஒழுங்காக ஓடியது. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்க, நான் டொல்பின் பார்க்க வருகிறவர்களை அந்தக் காரில் வாடகைக்கு ஏற்றி இறக்கும் ஹயர்காரன் ஆனேன். இன்றுவரை அந்த என்ஜினில் ஒரு கோளாறு இல்லை. (என்ஜின் விஷயத்தில் எனக்குத் தெரியாதது கிடையாது.)

எங்கள் மூத்தவனுக்கு ஞானஸ்நானம். பிள்ளையின் தலையில் ஊற்றப் பாதர் தண்ணீரை எடுத்தார். முன்வரிசையில் நின்ற மாமா மெல்ல எட்டிப் பார்த்தார்.

"தகப்பன் கொண்டு வந்த தண்ணியா பாதர்? ஒருக்கா நாக்கில வச்சுப் பார்த்துட்டு ஊத்துங்க."