லோங்காங் அங்கிளின் பிங்பாங் பந்துகள்

லோங்காங் அங்கிள்! மேலே போன இடத்திலும் நீங்கள் வாசலைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பின்சந்துச் சாக்கடையைத்தான் பார்த்திருப்பீர்கள். "தண்ணி எந்தப் பக்கம் போவுது?" என்று கேட்டிருப்பீர்கள். ஜொகூர் முழுக்கத் தேடினாலும் சாக்கடையை இப்படிக் காதலித்த இன்னொரு மனிதர் கிடைக்க மாட்டார். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள், எனக்கு அலங்காரமாக எழுத வராது. ஆனால் இதைச் சத்தியம் செய்து சொல்வேன்.

மாசாயில் எங்கள் பக்கத்து வீடு அவருடையது. பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை. லோங்காங் என்றால் இங்கே சாக்கடை. அவருடைய உண்மைப் பெயர் அவர் மனைவி ரோசி ஆண்டிக்கும் சர்ச் பதிவேட்டுக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார். மண்டபத்துக்குப் பின்னால் போய்வந்து, "சாப்பாடு நல்லாருக்கு, லோங்காங் சரிவுதான் சரியில்ல," என்பார். பூசையில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடிவிடுவார். ஒருநாள் பாதரே பிரசங்கத்தை நிறுத்தி, "என்ன, தண்ணி போவுதா?" என்று கேட்டார்.

வாசலிலிருந்து பதில் வந்தது. "போவுது பாதர், நீங்க பேசுங்க!"

சிரித்தோமே தவிர, எங்கள் நிலைமை சிரிக்கும்படி இல்லை. பெரிய மழை என்றால் எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீட்டுக்குள்ளும் தண்ணீர். ஐஸ்பெட்டி மேசைமேல் ஏறிவிடும். என் அம்மா முட்டிவலியோடு சேறு அள்ளுவாள்.

அங்கிள் மழைக்கு மழை ஆராய்ச்சி செய்வார். பிங்பாங் பந்தில் நம்பர் எழுதி மேல்முனையில் லோங்காங்கில் போட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் பறந்து கீழ்முனையில் போய் நிற்பார். ஒரு பந்துகூட வராது.

"அங்கிள், பந்து எங்க?"

"வரும் லா, பொறு. ஏழாம் வீட்டுப் பூன தூக்கிட்டுப் போயிருக்கும்."

பாவம், அந்தப் பூனை அவரைக் கண்டாலே மதில் ஏறிவிடும்.

லோங்காங்குக்கு மேலேயே சமையலறையை நீட்டிக் கட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். பின்சந்து சும்மாதானே கிடக்கிறது! அங்கிள் மனுமேல் மனு கொடுத்துக் கடைசியில் நகராண்மைக்காரர்கள் இறங்கி வந்தார்கள். ஆழமாக வெட்டிப் பெரிய கால்வாயோடு இணைத்துத் தருகிறோம், ஆனால் மேலே கட்டியதை எல்லாரும் உடைக்க வேண்டும், ஒரு வீடு மறுத்தாலும் வேலை வேறு குடியிருப்புத் தாமானுக்குப் போய்விடும் என்றார்கள்.

அங்கிள் வீடு வீடாக ஏறிச் சண்டை போட்டார். "லோங்காங் தலமேல அடுப்ப வச்சிட்டு, வெள்ளம் வெள்ளம்னு அழுவுறீங்களே!"

பதினொரு வீடும் உடைத்தது. வரைபடத்தோடு வந்த சீனர் சூப்பர்வைசர் அங்கிளின் சமையலறையை விரலால் காட்டினார்.

அலமாக்! மகன் கல்யாணத்துக்காக ஆண்டிக்கு அவர் கட்டிக் கொடுத்தது. மஞ்சள் ஓடு, இரட்டைத் தொட்டி.

"இது வேற லா! நான்தான் அடியில கொழாய் போட்டுருக்கேனே!" என்று கத்தினார்.

"என் அடுப்படியத் தொட்டீங்க, உங்களயே அந்தக் கொழாய்ல போட்டு அடச்சிருவேன்!" என்றார் ஆண்டி.

அங்கிள் ஒரு பந்தை எடுத்துவந்து குழாயின் மேல்வாயில் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். பிறகு மறுபக்கம் போய்க் குந்தினார். ஆண்டியும் முறைத்துக்கொண்டே பக்கத்தில் குந்தினார். வரிசையே கூடி நின்றது. அரை மணிநேரம் ஆனது.

"வரலயே ரோசி," என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

ஆண்டி எழுந்து போய்ச் சுத்தியலோடு வந்தார். "தள்ளுங்க. கட்டவும் தெரியல, ஒடைக்கவாவது தெரியுமா உங்களுக்கு?" முதல் அடி ஆண்டியுடையது.

எல்லாம் உடைத்து, லோங்காங்கை மூடிய பலகைக் கல்லைத் தூக்கினால், குழாயின் கழுத்தில் சேற்றோடு நாற்பத்தோரு பந்துகள்! எல்லாம் அங்கிளின் கையெழுத்து. சந்து அதிரச் சிரித்தோம். ஏழாம் வீட்டுக்காரர் பூனையைத் தூக்கிவந்து, "அங்கிள், மன்னிப்புக் கேளுங்க!" என்றார். அங்கிள் கைகூப்பி, "ஸாரி லா," என்று பூனையிடம் சொன்னார்.

லோங்காங் கட்டி முடிந்த பிறகு வந்த முதல் மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. ஒரு வீட்டுக்குள்ளும் சொட்டுத் தண்ணீர் இல்லை. அங்கிள் பந்தைப் போட்டுவிட்டுப் பறந்தார். அவர் மோட்டாரை நிறுத்துவதற்குள் பந்து வந்துவிட்டது! அதைக் கோப்பை மாதிரி தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார். பன்னிரண்டு வீடும் கத்தியது. என் அம்மா முதல்முறையாக மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு கோப்பி குடித்தாள்.

போன மாதம் ஷிஃப்ட் முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை. இதயம் நின்றுவிட்டது. அடக்கத்தன்று காலையிலிருந்து பேய்மழை. முன்பென்றால் பெட்டியை முழங்கால் தண்ணீரில்தான் தூக்கிப் போயிருப்போம். தூக்கியவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன். காலில் போட்ட சப்பாத்தின் அடிதான் நனைந்திருந்தது. அழுதுகொண்டே அங்கிளிடம் சொன்னேன், "போவுது அங்கிள், நல்லா போவுது."

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, எங்கள் அங்கிளுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.