நாற்காலிக்குப் பிடித்த பேய்

எங்கள் ஊரில் பேய்க்கு எடை உண்டு. சராசரியாக அரைக் கிலோ. நம்பாதவர்கள் கிளப்புக்கு எதிர் மாடிக்கு வந்து பார்க்கலாம். வரிசை படிக்கட்டில் இறங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, பஸ்ஸுக்கு நிற்பவர்களோடு கலந்துவிடும். பஸ்ஸுக்கு வந்த ஒருவர் தவறிப்போய் உள்ளே நுழைந்து, பேய் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பியதும் உண்டு. அவருக்கும் அரைக் கிலோ இருந்ததாம்.

சாதாரணப் பேய் இல்லை, சூதாட்டப் பேய். கிளப்பில் சீட்டு ஆடுகிறவனும் மெஷினில் காசு போடுகிறவனும் தானாக ஆடுவதில்லை. உள்ளே ஒரு பேய் உட்கார்ந்துகொண்டு கையைப் பிடித்து ஆட வைக்கிறது. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் எடைச்சாமி.

அவர் முறை எளிமையானது. பெரிய மின்தராசின் மேல் முக்காலி போட்டு ஆளை உட்கார வைப்பார். கறுப்புக் கம்பளி ஒன்றை மந்திர நீரில் முக்கி எடுத்துப் போர்த்துவார். பேய்க்குக் குளிர் பிடிக்கும் என்பதால் இரண்டு பக்கமும் ஹீட்டர் வைத்து அதை நெருக்குவார். எடை பார்ப்பார். பிறகு நீளமான மந்திரம், பாதிக் கூட்டம் கொட்டாவி விடும் அளவுக்கு நீளம். கடைசியில் கம்பளியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பும். "அதோ போறான்" என்பார் சாமி. கூட்டம் கைகூப்பும். தராசில் சிவப்பு எண் இறங்கியிருக்கும். கண்ணால் பார்த்த பிறகு எதற்கு யோசிக்க வேண்டும்? யோசிப்பதற்குத் தனியாக வரிசை கிடையாது.

இதற்கு நடுவில் ஒரு குழு இருந்தது. சூதாட்டத்தால் குடும்பங்கள் ஏன் கெடுகின்றன, எதைச் செய்தால் நிற்கும் என்று ஆராய ஒரு நிதி உண்டு. கிளப் நடத்துகிறவர்கள் அதில் ஒரு பங்கு கட்ட வேண்டும். நிதியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது குழு. தலைவர், ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர். முக்கிய உறுப்பினர், கிளப் முதலாளி. எலியை வைத்து நெல்லுக்குக் காவல் போடலாமா என்று கேட்காதீர்கள். பணம் கட்டுகிற எலி, மரியாதை வேண்டாமா?

குழுவின் இன்னொரு வேலை ஒருங்கிணைப்பு. அதைப் பிரமாதமாகச் செய்தார்கள். கிளப்பில் தோற்றவனைச் சாமியிடம் அனுப்புவார்கள். சாமி பேயை இறக்கி, 'குணமானவர்' என்று ஓர் அட்டை கொடுப்பார். அந்த அட்டையைக் காட்டினால் கிளப்பில் முதல் ஆட்டம் இலவசம். பேய்தான் போய்விட்டதே, இனி ஆடினால் என்ன? இதைவிட நன்றாக யாரால் ஒருங்கிணைக்க முடியும்?

எங்கள் அத்தானிடம் அப்படி மூன்று அட்டைகள் இருந்தன.

அத்தான், அக்காவின் கணவர், பஸ் கண்டக்டர். நல்ல மனிதர், சில்லறை பாக்கியை மறக்காமல் கொடுப்பவர். கிளப் வாசலைக் கண்டால் மட்டும் அவர் வேறு ஆள். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் நர்சம்மா ஒருவருக்கு ஒரு சின்ன அறை உண்டு. ஆட்டத்தை விட முடியாதவர்கள் அங்கே போய்ப் பேசலாம். அத்தான் முதல் நாள் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த முறை உள்ளே போய் அழுதார். அதன்பிறகு மழைக்காலம் முழுவதும் அவர் கிளப் பக்கமே போகவில்லை. அக்கா வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது.

அப்போதுதான் எடைச்சாமி வந்தார். அரை மணி நேரத்தில் பேய் போகும்போது அழுகை எதற்கு? அத்தான் சாமியிடம் மாறினார். எல்லோரும் மாறினார்கள். நர்சம்மாவின் அறை காலியானது. இந்த முறை நிதி கிடைக்காவிட்டால் அறையை மூடிவிடுவதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

நர்சம்மா விண்ணப்பம் போட்டிருந்தார். சுற்றியுள்ள ஊர் ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து, எல்லா இடத்திலும் ஒரே கேள்விகளைக் கேட்டு, எதனால் ஆட்டம் நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு. எடைச்சாமியும் விண்ணப்பம் போட்டிருந்தார். இன்னும் பெரிய தராசு வேண்டும் என்று.

முடிவு செய்கிற நாளில் குழுவின் அறையில் தராசு வந்து இறங்கியது. ஊரே பின்னால் வந்தது. முதலாளி எழுந்து, "கண் முன்னால நிரூபிச்சுக் காட்டறவருக்குத்தான் நிதி. பேப்பர் பேப்பரா எழுதிக் குடுத்தா ஆச்சா?" என்றார். நர்சம்மா தன் பேப்பர்களை மடியில் வைத்துக்கொண்டார்.

முக்காலியில் அத்தானை உட்கார வைத்தார்கள். கம்பளி, ஹீட்டர், மந்திரம், புகை. எண் இறங்கியது. கூட்டம் கைகூப்பியது. அத்தான் நாலாவது முறையாகக் குணமாகி இறங்கினார்.

அக்கா எழுந்தாள். துணிக்கடையில் பில் போடுகிறவள், சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவள். "சாமி, ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"நாலாவது தடவையா போகுதே, இது ஒரே பேயா, வேற வேற பேயா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாமி கண்ணை மூடித் திறந்தார். "பேய்க்குக் கூட்டாளிங்க இருப்பாங்கம்மா. ஒண்ணு போனா ஒண்ணு வரும்."

"அப்ப சூதே ஆடாத ஒருத்தர உக்கார வெச்சுப் பாக்கலாமா? அவருக்கு எடை குறையக் கூடாதுல்ல?"

நர்சம்மா மெல்ல, "இதத்தான் நானும் ஏழாம் பக்கத்துல எழுதியிருக்கேன்" என்றார். யாரும் ஏழாம் பக்கம் வரை போயிருக்கவில்லை.

சாமி லேசுப்பட்டவரா? "எல்லா மனுஷனுக்குள்ளயும் துளி ஆசை இருக்கும்மா. அதனால எல்லாருக்கும் கொஞ்சம் குறையும்."

"அப்படின்னா மனுஷனே வேணாம்" என்றாள் அக்கா. "ஐயா, கொஞ்சம் எந்திரிங்க."

தலைவர் ஏன் என்று கேட்காமலேயே எழுந்துவிட்டார். அக்கா அவருடைய மர நாற்காலியைத் தூக்கித் தராசின் மேல் வைத்தாள்.

"கம்பளிய நனைச்சுப் போடுங்க சாமி, ஹீட்டரும் அப்படியே எரியட்டும். மந்திரம் முழுசா சொல்லணும், பாதியில விட்டுடக் கூடாது."

"நாற்காலிக்கா?" என்றார் சாமி.

"ஏன், பயமா இருக்கா?"

கூட்டத்துக்கு இது பிடித்திருந்தது. "போடுங்க சாமி, போடுங்க" என்றார்கள். பக்தர்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள். சாமி எப்படியும் ஜெயிப்பார் என்று நம்பிக்கை. வேறு வழியில்லாமல் சாமி கம்பளியை நனைத்துப் போர்த்தினார். மந்திரம் இந்த முறை வேகமாக ஓடியது. அக்கா விடவில்லை. "முன்ன சொன்ன மாதிரியே நிதானமா."

நாற்காலியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. சிவப்பு எண் இறங்கிக்கொண்டே வந்து, அத்தானுக்கு எவ்வளவு குறைந்ததோ ஏறக்குறைய அதே அளவு குறைந்து நின்றது.

 முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கவலையோடு கேட்டார், "அப்ப நாற்காலியும் ரகசியமா கிளப்புக்குப் போகுதா?"

அக்கா கம்பளியைத் தொட்டுக் காட்டினாள். "ஈரத் துணி காயுதுங்க. வீட்ல கொடியில தினமும் இப்படித்தான் போகுது, பேய்."

அந்த அறையில் துணி காயவைக்காத வீட்டிலிருந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். மந்திரம் சொன்னதும் எல்லோருக்கும் மறந்துபோனது, அவ்வளவுதான்.

முதலாளி அவசரமாக, "எனக்கும் இந்தாளுக்கும் சம்பந்தமில்ல. எவனோ ஏமாத்திருக்கான்" என்றார்.

எடைச்சாமிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் சாமி குரல் போய் ஆள் குரல் வந்தது. "என்ன முதலாளி, ஹீட்டர் வாங்கிக் குடுத்தது நீங்க, மாடி குடுத்தது நீங்க, அட்டை அடிச்சதும் உங்க பிரஸ்லதான். இப்ப நான் எவனோவா?"

அடுத்து நடந்த தள்ளுமுள்ளில் இருவரும் ஒரே கதவு வழியாக வெளியேறினார்கள். அப்போதும் ஒருங்கிணைப்பு குலையவில்லை.

அத்தான் மட்டும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். நாற்காலியைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தவர், திடீரென்று நிறுத்தினார். முகம் சுருங்கிவிட்டது.

"பேயே இல்லன்னா," என்றார் அக்காவிடம், "அப்ப இத்தன நாளும் ஆடுனது நான்தானா?"

"நீங்க பாதி. ஆட வெச்ச கிளப் பாதி. பேய்க்கு இதுல பங்கு இல்லங்க."

 அத்தான் சட்டைப் பையிலிருந்த மூன்று அட்டைகளையும் எடுத்துக் கிழித்தார். நர்சம்மாவிடம் போய், "அந்த ரூம் நாளைக்குத் தொறந்திருக்குமா?" என்று கேட்டார்.

நர்சம்மா தலைவரைப் பார்த்தார். அறை முழுவதும் தலைவரைப் பார்த்தது. தலைவர் நர்சம்மாவின் விண்ணப்பத்தை வாங்கி, முதல்முறையாக ஏழாம் பக்கத்தைப் படித்தார். கையெழுத்துப் போட்டார். நின்றுகொண்டேதான் போட்டார். "உக்காருங்க ஐயா, வெறும் நாற்காலிதான்" என்று அக்கா சொல்லியும் அவர் உட்காரவில்லை. படித்தவர் பாருங்கள், அவருக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம்.

உங்கள் ஊரிலும் எங்காவது புகை கிளம்பும், கூட்டம் கைகூப்பும். நீங்கள் கையைக் கூப்புவதற்கு முன்னால் அதே கையால் கம்பளியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால், காய வேண்டியது கம்பளி மட்டுமல்ல, மந்திரத்தில் நனைந்த நம் மூளையும்தான்.