ஹெஸ் விதியும் அவிழ்த்துவிட்ட மாடுகளும்

பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை பஜ்ஜி தின்பதற்குத் தவிர வாயைத் திறக்கக் கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஜேடர்பாளையம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் திறந்தேன்.

அப்போது நான் சேலத்தில் ஒரு கல்லூரிக்குப் புதிதாக வந்த வேதியியல் விரிவுரையாளர். (தலைக்கனம் தலையைவிடப் பெரிது.) ஏற்கெனவே பல இடம் தட்டிப் போயிருந்தது. இதுவும் போனால் இனிமேல் பெண் தேட மாட்டேன் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

பெண்ணின் அப்பா, புதிதாகக் கட்டிய சாண எரிவாயுக் குழியைக் காட்டினார். அந்த வாயுவில்தான் உள்ளே பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க தம்பி, உள்ள கேஸ் உண்டாகறப்ப சூடு கிளம்புமுங்களா?"

"கொஞ்சம்" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் பூச்சுற்றி வந்த தாளை விரித்துப் பேனாவை எடுத்தேன்.

"இந்த கேஸ்ல இருக்கறது மீத்தேனுங்க. அது உருவாகற வெப்பத்தை நேரா அளக்க முடியாதுங்க. ஹெஸ் விதிப்படி சுத்தித்தான் வரணும். நாமக்கல்லிருந்து ராசிபுரம் வழியா போனாலும் திருச்செங்கோடு சுத்திப் போனாலும் சேலம் சேலம்தானுங்களே? கரி, ஹைட்ரஜன், மீத்தேன் மூணையும் எரிச்சா என்ன வெப்பம் வருதுன்னு தெரிஞ்சாப் போதும்."

மைனஸ் 394, மைனஸ் 572, மைனஸ் 890. கூட்டினேன். மைனஸ் 1856 கிலோ ஜூல். மைனஸ் என்றால் வெப்பம் வெளியே வருகிறது. இத்தனை வெப்பமா? குழியே வெடித்துவிடும் என்று முடிவு கட்டினேன். நாங்கள் நின்றிருந்தது குழியின் மேட்டில்.

"எல்லாரும் வெளிய வாங்க. அடுப்பை அணைங்க. மாட்டை அவுத்து உடுங்க."

படித்தவன் சொல்கிறானே என்று அவிழ்த்துவிட்டார்கள். எருமைகள் நேராகக் கரும்புக்குள் போயின. என் அம்மா கையில் கடித்த பஜ்ஜியோடு வாய்க்கால் மேட்டில் நின்றாள். இளம்பிள்ளைப் பட்டுச் சேலை சரசரக்க வெளியே ஓடிவந்தாள் பெண். (நான் பெண்ணைப் பார்த்த லட்சணம் இதுதான்.) அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். வேதியியல் கடைசி வருஷம் படிக்கிறாள் என்று தரகர் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மீத்தேன் எரியற சமன்பாட்டைத் திருப்பிப் போட்டிருக்கீங்க, குறியைத் திருப்பலீங்களே. 890 பிளஸ்ஸுங்க. மைனஸ் 76தான் வரும்."

அவள் விடவில்லை.

"அப்பறம், குழியில போட்டது சாணிங்க. கரியும் ஹைட்ரஜனும் இல்லீங்க."

என் அப்பா செருப்பைத் தேடினார். மானம் போனது போகட்டும், சம்பந்தமும் போனதே. பெண்ணின் அப்பா மகளைப் பார்த்தார். "என்ன சாமி சொல்ற?"

"இவருக்குக் கணக்கு வராதுங்கப்பா. ஆனா பயந்தப்பவும் தான் மட்டும் ஓடாம மாட்டை நெனைச்சாருங்களே."

கல்யாணம் நடந்தது. இன்று அந்தத் தோட்டத்தில் மாடே கிடையாது. ஆனாலும் நான் வாசலில் கால் வைத்ததும் என் மாமனார் கட்டிலில் படுத்தபடியே உள்ளே குரல் கொடுப்பார்.

"மாப்பிள்ளை வந்துட்டாரு. மாட்டை அவுத்து உடுங்க."