அஞ்சலையின் டிரைவும் நரி சொன்ன யோசனையும்

ஒரு காட்டில் கோர்ட்டு ஒன்று நடந்துகொண்டிருந்தது. காடு என்றால் சிங்கம் எங்கே என்று கேட்பீர்கள். சிங்கம் இருந்தது, பெரும்பாலும் வெளியூரில் இருந்தது. அதனால் தீர்ப்புச் சொல்லும் வேலை யானையின் தலையில் விழுந்திருந்தது.

அந்தக் கோர்ட்டுக்கு அஞ்சலை என்ற கீரி வந்தாள். அவளுடைய வளையைப் பரந்தாமன் என்ற நரி பிடுங்கிக்கொண்டு, அவளையும் குட்டிகளையும் வெளியே தள்ளிவிட்டான். குட்டிகள் இப்போது கள்ளிப் புதரடியில் கிடந்தன. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வளை திரும்பக் கிடைக்காவிட்டால் குட்டிகள் பிழைக்காது. அந்தக் கவலையில் அவளுக்கு இரை இறங்கவில்லை.

ஆனால் கையில் சாட்சி இருந்தது. நரி வளையைப் பிடுங்கிய அன்று பக்கத்து மரத்தடியில் மயில் வீட்டுக் கல்யாணம். வீடியோ எடுக்க வந்தவன் சேதுராமு என்ற மரங்கொத்தி. தாலி கட்டும் காட்சியில், மாப்பிள்ளையின் தோகைக்குப் பின்னால், நரி அஞ்சலையின் வாலைப் பிடித்துச் சுழற்றி எறிவது பளிச்சென்று பதிவாகிவிட்டது. தாலியைவிட நரிதான் தெளிவாகத் தெரிகிறது என்று மயில் வீட்டார் அந்த வீடியோவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சேதுராமு அதை ஒரு ஹார்ட் டிரைவில் போட்டு அஞ்சலையிடம் கொடுத்தான். கல்யாண சீசன், இடம் பற்றாது என்று தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டான்.

அந்தக் காட்டில் கம்ப்யூட்டர்கள் இரண்டு ஜாதி. வீடியோக்காரர்கள் வைத்திருப்பது இலந்தை. சர்க்கார் அலுவலகங்களில் இருப்பது நாவல். சண்டை போட்டுப் பிரிந்த சம்பந்திகள் மாதிரி, ஒன்று எழுதியதை மற்றொன்று ஏறெடுத்தும் பார்க்காது. இது அஞ்சலைக்குத் தெரியாது. கோர்ட்டு எழுத்தர் பொன்னம்பலத்துக்கும் தெரியாது. பொன்னம்பலம் ஆமை. பொய் பேசாதவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். இப்படிப்பட்டவர்களிடம்தான் எல்லோரும் கம்ப்யூட்டரைக் கொடுத்து வைப்பார்கள்.

பொன்னம்பலம் டிரைவை மாட்டினார். விளக்கு எரிந்தது, படம் வரவில்லை. கழற்றி ஊதினார். வேறு ஓட்டையில் செருகினார். வயரை மாற்றினார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். அது எழுந்திருப்பதற்குள் நீதிபதி யானை ஒரு கட்டுக் கரும்பைத் தின்று முடித்தார்.

"சேதுராமு வீட்ல நல்லா ஓடுச்சுங்கய்யா. என் கண்ணால பார்த்தேன்" என்றாள் அஞ்சலை.

"அங்க ஓடினா இங்கயும் ஓடணுமே தாயி" என்றார் ஆமை.

திரையில் எழுத்துகள் தோன்றின: 'இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யலாமா?'

ஆமைக்கு முகம் மலர்ந்தது. "பார்த்தியா, அதுவே வழி சொல்லுது! ஃபார்மட்டுங்கிறது ஒண்ணுமில்ல தாயி. உள்ள சேர்ந்திருக்கிற தூசியத் தட்டுறதுதான்."

"பண்ணாதே!"

சொன்னவன் பரந்தாமன். குற்றவாளிக் கூண்டுக்குள் நின்றபடியே கத்தினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டிரைவ்ல ஒரு கோளாறும் இல்ல. இலந்தை எழுதினது நாவலுக்குப் படிக்கத் தெரியல, அவ்வளவுதான். ஃபார்மட் பண்ணா எல்லாம் போயிடும். அஞ்சலை, ஒரு நாள் வாய்தா வாங்கு. இன்னொரு காலி டிரைவ எடுத்துக்கிட்டு சேதுராமுகிட்டப் போ. அத ரெண்டு மெஷினுக்கும் பொதுவான ஃபார்மட்டுல போட்டு, வீடியோவ அதுல காப்பி பண்ணச் சொல்லு. நாளைக்கு இங்க ஜோரா ஓடும்."

"வாய்தா வேணுமாம்மா? தரேன்" என்றார் நீதிபதி.

அஞ்சலை யோசித்தாள். நரியை நம்பாதே என்று பால் குடிக்கிற வயதிலேயே சொல்லிக் கொடுக்கிற காடு அது. அந்த வீடியோ ஓடினால் இவன் கதை முடிந்தது. அப்படியிருக்க அதைக் காப்பாற்ற இவனே வழி சொல்கிறான் என்றால் ஏதோ வில்லங்கம் இருக்கிறது. நாளைக் கடத்துகிறான், பாவி! வாய்தா மேல் வாய்தாவாக இழுத்து, குட்டிகள் மழையில் நனையட்டும் என்று பார்க்கிறான். இந்தப் பக்கம் பொன்னம்பலம் எவ்வளவு அன்பாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்!

"வாய்தா வேண்டாங்கய்யா. பெரியவர் சொல்றபடியே தூசியத் தட்டிடுங்க."

ஆமை 'ஆம்' என்பதை அழுத்தினார். அவர் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எதையும் செய்து முடித்ததில்லை.

"திறந்துடுச்சு! நான் சொல்லல?" என்று துள்ளினார். டிரைவ் திறந்துதான் இருந்தது. உள்ளே தாலியும் இல்லை, நரியும் இல்லை. சாட்சி இல்லை என்று வழக்கு தள்ளுபடியாகி, வளை பரந்தாமனுக்கே என்று தீர்ப்பானது.

வாசலில் அஞ்சலை அவனை மறித்தாள். "படுபாவி, எதுக்குடா உண்மையச் சொன்னே?"

"வேற வழி? சும்மா இருந்திருந்தா சேதுராமுவக் கேட்டுட்டு வர்றேன்னு கிளம்பியிருப்பே. 'தாராளமா ஃபார்மட் பண்ணு'ன்னு நான் சொல்லியிருந்தா உடனே உஷாராகி வாய்தா வாங்கியிருப்பே" என்றான் பரந்தாமன்.

அஞ்சலை அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நரிக்கு என்ன தோன்றியதோ, போனவன் நின்றான்.

"இப்பவும் ஒண்ணும் குடிமுழுகிப் போகல. அழிஞ்சது மேலாப்புலதான். அதுல புதுசா எதையும் ஏத்தாம இருந்தா போதும், பழசை மீட்டெடுக்க சாஃப்ட்வேர் இருக்கு. அப்பீல் போகலாம். நம்பினா நம்பு."

இந்தத் தடவை அவள் நம்பினாள். வாலைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குள் ஓடினாள். பொன்னம்பலம் டிரைவைத் துடைத்து, கையில் பத்திரமாக ஏந்தியபடி எதிரே வந்தார்.

"ஏன் தாயி இப்படி மூச்சிரைக்க ஓடி வர்றே? பாவம், உனக்கு வேற செலவு வைக்க வேண்டாமேன்னு தீர்ப்போட நகலை இதுலயே ஏத்திட்டேன். விசாரணை முழுக்க வீடியோவாவும் போட்டிருக்கேன். இனி ஒரு எறும்பு நுழையக்கூட உள்ள இடமில்ல, அவ்வளவு நிரப்பிட்டேன்!"

நீதி: நல்லவர்களைக் கண்டால் காலில் விழுந்து கும்பிடுங்கள், கம்ப்யூட்டரை மட்டும் விஷயம் தெரிந்த அயோக்கியனிடம் கொடுங்கள்.