இருநூற்று நாற்பது ஸ்கிரீன்ஷாட்டும் ஒரு பல்லும்

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம், நீங்கள் கொடுத்த பழைய கம்ப்யூட்டரும் நலம், அம்மா மட்டும் கோபம். சித்தப்பாவின் முதுகுவலி தேவலையா? போன் என்றால் உங்களிடம்கூட எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன்.

சித்தி, பல் ஆடிவிட்டது! என் பல் இல்லை, நான் கம்ப்யூட்டரில் செய்த பல். பல் டாக்டர் கிளினிக்கில் காத்திருப்பவர்கள் பார்க்கிற டிவிக்குப் பத்து விநாடிப் படம் கேட்டார் இல்லையா, அது பிடித்தால் இன்னும் பன்னிரண்டு படம் எனக்குத்தான், பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அம்மாவோடு சலவைக் கடையில் இஸ்திரி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு வேறென்ன என்கிறார் அம்மா. அதனால் பல்லுக்குக் கை, கால், புருவம் எல்லாம் வைத்து, பிரஷ்ஷோடு ஆட வைத்தேன். செய்ததைப் படமாக்கித் தரும் என்று நீங்கள் சொன்ன ரெண்டர் பட்டனை அழுத்தினால் ஒரே ஒரு படம் வந்து நின்றது. அசையவே இல்லை. சரி, ஒவ்வொன்றாகத்தான் தரும்போல என்று அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், அடுத்த படத்துக்குப் போய் மறுபடி ரெண்டர், மறுபடி ஸ்கிரீன்ஷாட். விநாடிக்கு இருபத்து நான்கு, மொத்தம் இருநூற்று நாற்பது! இரண்டு நாள் பகல் முழுக்க இதுதான். அப்பா தும்ம வந்தால்கூட, "வெளியே போய்த் தும்முங்கப்பா, மேஜை ஆடுது" என்று விரட்டினேன்.

நூற்றுப் பதினேழாவது படத்தின்போது அம்மா கடையிலிருந்து ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். என் போனுக்கு வருவதெல்லாம் கம்ப்யூட்டர் மூலையிலும் வந்து நிற்கும். நான் பல்லிலேயே கண்ணாக இருந்ததால் மூடவில்லை. எல்லாவற்றையும் கோத்து ஓட்டிப் பார்த்தபோதும் அது மூலையில் இருந்தது, இன்னும் மூடாத செய்திதானே என்று விட்டுவிட்டேன். அது படத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது சித்தி!

இன்று காலை கிளினிக் டிவியில் போட்டார்கள். பல் ஆடுகிறது, எனக்குக் கால் தரையில் இல்லை. பாதியில் கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் சத்தமாகப் படிக்கிறார்: "அந்த டாக்டரைப் பாத்து ஈன்னு இளிச்சு வைக்காதே. நல்ல பல்லையும் பிடுங்கிடுவான் மனுஷன்." எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று அழுதார். டாக்டர் கையுறையோடு வெளியே வந்து, "யாரும்மா இது எழுதினது?" என்றார். எனக்குக் காற்றுதான் வந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள சுத்தமா எடுத்துட்டு வா, பாக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார்.

ஸ்கிரீன்ஷாட்டில் பல் மட்டும் விழ என்ன வழி? வியாழக்கிழமை நீங்களே வந்து டாக்டரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். என்னால் முடியாது சித்தி, சத்தியமாக முடியாது.

சித்தப்பாவுக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம், என்னோடு பல்லையும் சேர்த்து ஆசீர்வதியுங்கள்.

உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: வர வேண்டாம்! உறையில் போடும் முன் கம்ப்யூட்டரை இன்னொருமுறை பார்த்தேன். நான் அழுத்திய பட்டனுக்கு நேர் கீழே, முழுப் படத்தையும் ரெண்டர் செய்ய இன்னொரு பட்டன். அழுத்திவிட்டுக் குளிக்கப் போனேன், வருவதற்குள் இருநூற்று நாற்பதையும் அதுவே செய்து வைத்திருந்தது. பல் மட்டும்! சந்தோஷத்தில் யோசிக்காமல் டாக்டருக்கு நானே போன் போட்டுவிட்டேன். அவர், "பழசே இருக்கட்டும்மா, வர்றவங்க எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க" என்றார். "முடியாது டாக்டர். அது எங்கம்மா எனக்கு எழுதினது" என்றேன். நான்தான் சித்தி, நானே! அவர், "சரி, புதுசையே கொண்டா. மீதிப் பன்னிரண்டையும் எப்ப ஆரம்பிக்கிறே?" என்றார்.

திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டேன்.