ஒரே பெயரில் இரண்டு புட்டிகள்

லண்டன்,
1671, நவம்பர் 14

பிரியமுள்ள தங்கை டார்க்கஸுக்கு உன் அண்ணன் எஸ்ரா எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் இருமலையும் மூக்கடைப்பையும் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் சுகத்துக்கும் உன் வாத்துகளின் சுகத்துக்கும் கடிதம் போடவும்.

நான் தனியாகக் கிடந்தால் குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிடுவதாகவும், துணைக்கு ஆள் இருந்தால் நாரிச் ஊரிலேயே அத்தை மகள் வீட்டுக்குப் போய்விடுவதாகவும் எழுதியிருந்தாய். நானா தனியாக? உன் அண்ணி ஜூடித் போன இந்த மூன்று வருஷத்தில் எனக்குத் தனியாக உட்கார நேரமே கிடைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் பாதிரியார் ஆல்சப் வந்துவிடுகிறார். நம்பாவிட்டால் போன ஞாயிறு நடந்த கூத்தைக் கேள்.

என் அலமாரியில் இரண்டு புட்டிகள் உண்டு. ஒன்று செப்புத் தகட்டில் படம் அரிக்கிற திராவகம், மற்றது சோம்பு போட்டு வடித்த சாராயம். நம் ஜனங்கள் இரண்டையும் காட்டத் தண்ணீர் என்றுதானே சொல்கிறார்கள், நானும் இரண்டிலும் அப்படியே எழுதி ஒட்டியிருந்தேன். அந்தக் காலத்தில் காய்ச்சி வடித்தவர்களுக்குக் குழாயில் சொட்டியதெல்லாம் தண்ணீர், நாக்கைச் சுட்டால் காட்டத் தண்ணீர். திராட்சை ரசத்தைக் காய்ச்சினாலும் அதே பெயர், வெடியுப்பையும் அன்னபேதியையும் போட்டுத் திராவகம் காய்ச்சினாலும் அதே பெயர். லத்தீன் படித்த மேதாவிகளாவது திருத்தினார்களா? திராவகத்துக்கு அவர்கள் வைத்த பெயருக்கும் அதேதான் அர்த்தம். புதுப் பெயர் யோசிக்க ஒருத்தனுக்கும் சோம்பல் விடவில்லை, அவஸ்தை எனக்கு. சனிக்கிழமை ஒரு நகரசபைக்காரரின் முகத்தைத் தகட்டில் கீறி, புட்டியை எடுத்து ஊற்றி, பொழுது சாயும்வரை காத்திருந்தேன். அவர் மூக்குகூட அரிபடவில்லை. மூக்கடைப்பில் சோம்பு வாசனை எனக்கு எங்கே தெரியும்? திராவகம் விற்றவனை வாயாரத் திட்டிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து பாதிரியார் மாடியேறி வந்தார். மற்றப் புட்டியை எடுத்து இரண்டு ஈயக் கோப்பைகளில் ஊற்றினேன். அவர் கோப்பையைத் தொடவில்லை, குனிந்து பார்த்தார்.

"என்னப்பா எஸ்ரா, கோப்பை கொதிக்குது?"

"நல்ல சரக்கு ஐயா, அப்படித்தான் இருக்கும்."

"சரக்கு மனுஷனைத்தான்யா அரிக்கும். இது ஈயத்தையில்ல அரிக்குது?"

அதற்குள் செம்பழுப்பாகப் புகை கிளம்பி, கோப்பையில் ஓட்டை விழுந்து, ஜூடித் தைத்த மேசைவிரிப்பும் பொத்தலாகி, நாங்கள் இருவரும் ஜன்னலுக்கு ஓடி இருமினோம். பாவம், மனுஷர் ஒரு மணி நேரம் இருந்து எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுத்தான் போனார். இப்படிப்பட்ட சிநேகிதர் இருக்கும்போது நீ வாத்துகளை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். அத்தை மகள் வீட்டுக்கே போ.

அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உன் முழங்கால் வலியைக் கர்த்தர் நீக்கி, நீண்ட ஆயுளைத் தருவாராக.

இப்படிக்கு,
உன் அண்ணன்
எஸ்ரா பென்ஃபோல்ட்

பின்குறிப்பு: மடித்து வைத்த கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். பாதிரியார் வரவில்லை. ஜூடித்தை அடக்கம் செய்த அன்று வந்ததோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே இரண்டு கோப்பை வைத்து, அவர் பேச்சையும் நானே பேசிக்கொள்கிறேன். கோப்பை ஓட்டையானது மட்டும் நிஜம். அன்றைக்குக் கீழ்வீட்டு கிரிம்ஸ் அம்மாள் துடைப்பக் கட்டையால் தன் வீட்டு மேல்தளத்தை இடித்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன்" என்று சத்தம் போட்டாள். ரெண்டு பேர் என்றாள், டார்க்கஸ். எனக்கு அழுகை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வண்டியிலேயே புறப்பட்டு வா.